மடிக்கணினி விசைகளுக்கு வண்ணம் இடுதல்

  

ஆர்மோனியப் பெட்டியை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அதன் கட்டைகள் சில வெள்ளை, சில கறுப்பு. கட்டைகள் யாவும் வெள்ளையாகவே இருந்தால் வாசிப்பவரின் கை தடுமாறும். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்பதைக் கண்டே, ‘இஃது இந்தச் சுரம்’ என்று கண் சொல்ல, விரல் செல்கிறது. ஐரோப்பாவின் பழைய இசைக்கருவிகள் சிலவற்றில் இந்நிறங்கள் தலைகீழாக அமைந்திருந்தன. கீழ்க்கட்டை கறுப்பு, மேற்கட்டை வெள்ளை. ஆகவே எந்த நிறம் என்பது பெரிதன்று. வேறுபாடு இருக்கிறதா என்பதே பெரிது.

இனி, வீட்டிலோ பள்ளியிலோ உள்ள மடிக்கணினியைத் திறந்து பாருங்கள். விசைகள் எல்லாம் ஒரே கறுப்பு, அல்லது ஒரே சாம்பல் நிறம். அவற்றின்மேல் உள்ளவை உரோமன் எழுத்துகள் மட்டுமே. நம் நாட்டுக் கடைகளில் விற்கும் கணினிகளில் பெரும்பாலும் தமிழெழுத்துப் பொறித்த விசை ஒன்றுகூட இராது. முதலாம் ஆண்டில் அகரம் முதல் னகரம் வரை கற்றுத் தேறிய பிள்ளை, கணினியின் முன் அமர்ந்ததும் தான் கற்ற எழுத்துகளில் ஒன்றையும் காணாமல் விழிக்கிறது. இக்குறையை நாமே சில வெள்ளிச் செலவில் தீர்த்துக்கொள்ளலாம். விசைகளுக்கு வண்ணமும் தமிழெழுத்தும் இடும் முறையை விளக்குவதே இக்கட்டுரை.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். ‘விசையின் மேலுள்ள எழுத்தை மாற்றினால் கணினி குழம்பிவிடாதா?’ என்று சிலர் கேட்பதுண்டு. குழம்பாது. விசையின் நிறத்தையும் அதன்மேல் உள்ள எழுத்தையும் கணினி அறியவே அறியாது. விசைகளின் அடியில் மெல்லிய கம்பிக்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. ஒரு விசையை அழுத்தும்போது ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்கின்றன. ‘இத்தனையாவது குறுக்கு, இத்தனையாவது நெடுக்கு’ என்பதே உள்ளே செல்லும் செய்தி. அச்செய்திக்கு என்ன எழுத்தைத் திரையில் காட்டுவது என்பதைக் கணினிக்குள் இருக்கும் மென்பொருள் முடிவு செய்கிறது. மொழியைத் தமிழுக்கு மாற்றினால் அதே விசை தமிழெழுத்தைத் தரும். மலாய்க்கு மாற்றினால் உரோமன் எழுத்தைத் தரும். எனவே விசையின் மேலுள்ள எழுத்தும் நிறமும் மனிதக் கண்ணுக்காக ஏற்பட்டவை. அவற்றை நம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

விசையை அழுத்தி விரலை எடுத்தவுடன் அது துள்ளி எழுகிறதே, எப்படி? பால் மங்கைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற சிறு ரப்பர்க் கிண்ணம் ஒன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் ஒவ்வொரு விசையின் அடியிலும் உண்டு. அழுத்தினால் அமுங்கும்; விட்டால் எழும். ஆனால் அது மரத்துப் பாலில் செய்ததன்று. சிலிக்கோன் என்னும் பொருளைக்கொண்டு ஆலையில் செய்யப்படுவது. பழைய தட்டச்சுப் பொறியிலோ நிலைமை வேறு. தாளைத் தாங்கும் உருளைக்கு உண்மையான ரப்பரே போர்வையாக இருந்தது. நம் பாட்டனாரும் பாட்டியாரும் விடியலில் சீவிய மரத்துப் பால் எந்த ஊர்த் தட்டச்சுப் பொறியில் போய் உருளையாயிற்று என்று எவரும் கணக்கு வைக்கவில்லை.

தட்டச்சுப் பொறியைக் குறிப்பிட்டதால் அதன் கதையையும் சற்றுக் கூற வேண்டும். அமெரிக்க நாட்டுக் கிறிஸ்டோபர் சோல்சு என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1868ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறிக்கு உரிமம் பெற்றனர். 1874இல் ரெமிங்டன் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் மடிக்கணினியில் உள்ள உரோமன் எழுத்து வரிசை அந்தப் பொறியின் வழி வந்ததே. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள் போதும். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இத்தனை எழுத்துக்கும் தனித்தனி விசை வைத்தால் பொறி ஒரு மேசையளவு ஆகிவிடும் அல்லவா?

இச்சிக்கலை அவிழ்த்தவர் இரா. முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையில் மலாயாவுக்கு வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். தமிழெழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் சில குறிகளே மீண்டும் மீண்டும் வருகின்றன என்பதை இவர் கண்டார். புள்ளியும் மேல்விலங்கும் எழுத்தின் தலைமேல் அமர்பவை. அவற்றுக்குரிய விசையைத் தட்டினால் குறி பதியும். ஆனால் தாள் நகராது. அடுத்து மெய்யெழுத்தைத் தட்டினால் அது அக்குறியின் கீழே பொருந்திவிடும். ‘நகரா விசை’ என்னும் இவ்வமைப்பால் 247 எழுத்துகளும் ஒரு சிறிய விசைப்பலகைக்குள் அடங்கின. அவர் அமைத்த பொறி செருமனி நாட்டில் செய்யப்பெற்றுத் தமிழர் வாழும் நாடுகளுக்குச் சென்றது. மலாயாவில் பிழைக்க வந்த ஒருவர் தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படுகிறார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

கணினிக் காலத்திலும் இந்நாட்டின் பங்கு சிறிதன்று. மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அதன்பின் வந்த ‘முரசு அஞ்சல்’ உலகெங்கும் தமிழர் கைகளில் தவழ்ந்தது. உரோமன் எழுத்தை ஒலிக்கேற்பத் தட்டித் தமிழைப் பெறும் ‘அஞ்சல்’ முறையும் அதில் உண்டு. ஆங்கிலத் தட்டச்சுப் பழகிய பெரியவர்களுக்கு அது மிகவும் எளிது. ஆனால் தமிழ் எழுத்தை இப்போதுதான் கற்று வரும் சிறு பிள்ளைக்கு, தமிழ்ச் சொல்லை உரோமன் எழுத்தில் எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஏற்படுவது நன்றன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மாற்றுக் கருத்துடைய ஆசிரியர்களும் உளர்.

சிறுவர்க்கு ஏற்றது ‘தமிழ்99’ விசைப்பலகை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டு அரசு இதனை ஏற்று அறிவித்தது. இன்று விண்டோஸ், மேக் ஆகிய இரண்டிலும் இது கூடவே வருகிறது. தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இதன் அழகைப் பாருங்கள். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, புள்ளி 1. ஆக 31 விசைகள். ஆங்கில எழுத்து விசைகள் 26. அவற்றோடு வலப்புறத்தில் உள்ள நிறுத்தக்குறி விசைகள் ஐந்தைச் சேர்த்தால் 31. கணக்குச் சரியாகிவிட்டது!

எழுத்துகள் அமைந்திருக்கும் முறையும் எளிதே. நடு வரிசையில் இடக்கைப் பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலக்கைப் பக்கம் க, ப, ம, த, ந, ய. மேல் வரிசையில் இடப்பக்கம் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. வலப்பக்கம் ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழ் வரிசையில் ஔ, ஓ, ஒ, வ, ங, ல, ர, ழ. அகரத்தின் மேலே ஆகாரம், இகரத்தின் மேலே ஈகாரம், உகரத்தின் மேலே ஊகாரம் என்று குறிலும் நெடிலும் அண்டை வீட்டார்போல் அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். உயிரெழுத்து அனைத்தும் இடக்கையில். மெய்யெழுத்துகளில் வகரமும் ஙகரமும் நீங்கலாக மற்றவை எல்லாம் வலக்கையில். வலக்கை மெய்யைத் தட்ட, இடக்கை உயிரைச் சேர்க்க, உயிர்மெய் பிறக்கிறது. இலக்கண வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டும் க் + ஆ = கா என்பதை விரல்களே செய்துவிடுகின்றன.

வண்ணம் இடுதல் இங்கேதான் பயன் தருகிறது. உயிருக்கு ஒரு நிறம், மெய்க்கு ஒரு நிறம், புள்ளிக்கு ஒரு நிறம். மூன்று நிறங்கள் போதும். ஒவ்வொரு விசைக்கும் ஒவ்வொரு நிறம் தீட்டித் திருவிழாக் கடைபோல் ஆக்கினால் கண்ணுக்கு இன்பமே தவிர, கற்பதற்குப் பயனில்லை. மெய்யினத்தை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்து மூன்று சாயல் கொடுக்கலாமே என்று ஓர் ஆசிரிய நண்பர் கூறுவார். நான்காம் ஆண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது பொருந்தலாம்.

எந்த நிறங்களைத் தேர்ந்தெடுப்பது? இதில் சிறிது எச்சரிக்கை வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணமைப்பு சிலர்க்குப் பிறவியிலேயே உண்டு. பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளிடம் இது மிகுதி. அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன் என்னும் அறிஞர்க்கே இக்குறை இருந்தது. அதனை 1794ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக அவரே படித்தார். வகுப்பில் அத்தகைய பிள்ளை ஒருவன் இருந்தால், சிவப்பு விசையும் பச்சை விசையும் அவனுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். குறையைச் சொல்லத் தெரியாமல், ‘படிப்பு வரவில்லை’ என்று பெயர் வாங்கிக்கொள்வான். ஆதலின் மஞ்சளும் நீலமும் போன்ற நிறங்களைத் தேர்வதே அறிவுடைமை. முதியவர் கண்ணுக்கு இளநீலம் மங்கலாகத் தெரியும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை பழுப்பேறி நீல ஒளியைத் தடுப்பதே காரணம். தாத்தா பாட்டியும் பயன்படுத்தும் கணினியாயின் மஞ்சள்மேல் கறுப்பெழுத்தே சிறந்தது.

மஞ்சளின் ஆற்றலை அறிய வேண்டுமானால் பிரிக்பீல்ட்ஸ் சென்று நடைபாதையைப் பாருங்கள். 1951ஆம் ஆண்டு தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் உள்ளது. அவ்வட்டாரத்தின் நடைபாதைகளில் மேடு எழும்பிய மஞ்சள் ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. முற்றிலும் பார்வை இல்லாதவர், கோலாலும் பாதத்தாலும் மேட்டை உணர்ந்து நடப்பார். சிறிது பார்வை எஞ்சியவர்க்கு மஞ்சள் நிறம் வழிகாட்டும். ஒரே ஓட்டில் இரண்டு குறிகள்! செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுவோரும் இவ்வாறே செய்கின்றனர். கறுப்பு மாறிச் செம்மஞ்சள் ஏறியதா என்று நிறத்தையும் பார்ப்பார். மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கிறதா என்றும் பார்ப்பார். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரும் என்பது அவர்க்குத் தெரியும். அதுபோல விசையிலும் நிறம் ஒரு குறி. எழுத்து மறு குறி. எழுத்தில்லாமல் நிறம் மட்டும் பூசுவது வீண்.

மூன்றாவது குறி ஒன்றும் விசைப்பலகையில் ஒளிந்திருக்கிறது. ஆங்கில எஃப், ஜே விசைகளைத் தடவிப் பாருங்கள். சிறு கோடு போன்ற மேடு தட்டுப்படும். பார்க்காமலே இரு சுட்டுவிரல்களும் தம் இருப்பிடத்தை அறிவதற்காக ஏற்பட்டது அது. தமிழ்99இல் அவ்விரு விசைகளும் புள்ளியும் பகரமும் ஆகும். எதை ஒட்டினாலும் அந்த மேட்டை மறைத்துவிடாதீர்கள்.

இனி, ஆலையில் விசைக்கு எழுத்தும் நிறமும் எப்படி ஏறுகின்றன என்று பார்ப்போம். மலிவான முறை, மேலே மை கொண்டு அச்சிடுவது, விரைவில் தேய்ந்துவிடும். உயர்ந்த முறை, இரண்டு நிற நெகிழியை ஒன்றனுள் ஒன்றாக வார்ப்பது. எழுத்தே தனி நெகிழித் துண்டாக இருப்பதால் எத்தனை ஆண்டு தட்டினாலும் அழியாது. அடியில் விளக்கெரியும் மடிக்கணினிகளில் வேறொரு தந்திரம் உண்டு. ஒளி ஊடுருவும் நெகிழியில் விசையைச் செய்து, மேலே கறுப்புச் சாயம் பூசி, எழுத்தின் வடிவில் மட்டும் அச்சாயத்தை லேசர் ஒளியால் நீக்கிவிடுகின்றனர். எழுத்து வழியே வெளிச்சம் தெரிவது அதனால்தான். விளையாட்டுக்கென்று விற்கும் சில கணினிகளில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சிறு விளக்குகள் விசையின் அடியில் இருக்கும். ஒவ்வொன்றையும் 256 படிகளில் கூட்டியும் குறைத்தும் கலந்தால் 16,777,216 நிறங்கள் பிறக்கும். கேட்க வியப்பாக இருக்கிறது. விலையும் வியப்பாகவே இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய முறைகளுக்கு வருவோம். வண்ணப்பூச்சு அடிக்கலாம் என்று சிலர் கூறுவர். நான் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சு நிலைக்க வேண்டுமானால் விசைகளைக் கழற்ற வேண்டும். மடிக்கணினி விசையைத் தாங்குவது கத்தரிக்கோல்போல் மடங்கும் மெல்லிய நெகிழிச் சட்டம். அதன் கொக்கி ஒன்று முறிந்தால் விசை ஆடத் தொடங்கிவிடும். கழற்றாமல் பூசினாலோ சாயம் இடுக்கில் வழிந்து விசை ஒட்டிக்கொள்ளும். அக்காளின் நகப்பூச்சை எடுத்துத் தீட்டும் குறும்பர்களும் உண்டு! நகப்பூச்சில் உள்ள கரைப்பான்கள் விசையின் நெகிழியை இளக்கக்கூடியவை. அதை நீக்கும் அசிட்டோன் நீர்மம் இன்னும் கொடியது; சில விசைகளை அப்படியே கரைத்துக் குழம்பாக்கிவிடும். துணிக்குச் சாயம் தோய்ப்பதுபோல் விசைகளை வெந்நீர்ச் சாயத்தில் தோய்க்கும் முறையும் உண்டு. ஆனால் வெளுத்த துணியைக் கறுப்பாக்கலாமே தவிர, கறுத்த துணியை மஞ்சளாக்க முடியுமா? கறுப்பு விசைக்கு அம்முறை உதவாது.

ஆகவே எஞ்சி நிற்பது ஒட்டுவில்லை. சிறுவர்க்கும் பழைய கணினிக்கும் இதுவே ஏற்றது. வேண்டாதபோது உரித்துவிடலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. காகித வில்லை கூடாது. நம் நாட்டுப் புழுக்கத்தில் கை வியர்வைபட்டு ஒரு மாதத்தில் நைந்துபோகும். வினைல் எனப்படும் நெகிழித் தாளில், பளபளப்பில்லாத மேற்பரப்புடன் அச்சிட வேண்டும். அச்சுக்கடைகளில் கேட்டால் செய்து தருவர். மடிக்கணினி விசையின் அகலம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். வில்லையை 12 மில்லிமீட்டர் அளவில் வெட்டினால் ஓரம் தூக்காது. தடித்த வில்லை வேண்டா. மூடும்போது திரைக்கும் விசைக்கும் இடையே மயிரிழை இடைவெளியே உண்டு. தடிப்பு மிகுந்தால் திரையில் தழும்பு விழும்.

ஒட்டுமுன் கணினியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றிவிடுங்கள். மென்துணியில் சில துளி ஆல்கஹால் நனைத்து விசைகளின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். துணியைத்தான் நனைக்க வேண்டும், விசைமேல் ஊற்றலாகாது. நன்கு உலர்ந்தபின் இடுக்கியால் வில்லையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். வீட்டுக் கணினி ஒன்றையே அண்ணன் மலாய்ப் பாடத்துக்கும் தங்கை தமிழ்ப் பாடத்துக்கும் பயன்படுத்துவதாயின், உரோமன் எழுத்தையும் மறைக்கக் கூடாது. அதற்கு ஒளி ஊடுருவும் வில்லையே தக்கது. அதில் தமிழெழுத்தைக் கீழ் வலமூலையில் மட்டும் அச்சிட்டால் இரண்டும் தெரியும். பள்ளிக்குரிய கணினியாயின் தலைமையாசிரியரிடம் ஒப்புதல் பெறாமல் தொடவே வேண்டா.

‘விசையைப் பார்த்துத் தட்டுவது தவறான பழக்கம் ஆயிற்றே, வண்ணம் இட்டால் பிள்ளை எப்போதும் குனிந்தே இருக்குமே’ என்று கேட்போர்க்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. பழைய தட்டச்சு வகுப்புகளில் விசைகளை மறைத்துவைத்தே பயிற்சி அளித்தனர். ஆனால் அங்குச் சென்றவர்கள் வேலை நாடிய இளைஞர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பின்னர் உயிரெழுத்து வில்லைகளை முதலில் உரித்துவிடலாம். இடக்கைக்கு அவை விரைவில் பழகிவிடும். மெய்யெழுத்து வில்லைகளைச் சில மாதம் கழித்து உரிக்கலாம்.

பிள்ளைகளைவிடப் பெற்றோர்க்கே இதில் நன்மை மிகுதி என்றும் ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்து, பின் வேலைக்குச் சென்ற தாய்மார் பலர். நாளேட்டைத் தடையின்றிப் படிப்பார்கள், கடிதமும் எழுதுவார்கள். ஆனால் கணினியின் முன் மட்டும், ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஒதுங்கிவிடுவார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பாடங்கள் வீட்டுக்குள் வந்தபோது, பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்தும் உதவ இயலாமல் கைகட்டி நின்ற தாய்மார் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தெரியாதது தமிழன்று; தமிழெழுத்து இல்லாத விசைப்பலகைதான். அகரமும் ககரமும் மஞ்சளிலும் நீலத்திலும் கண்ணெதிரே தெரிந்தால், அம்மாவே விரல் வைத்து, ‘இதோ ம, இதோ ஆ’ என்று காட்டுவார்.

ஒட்டி முடித்தவுடன் செய்து பார்க்கச் சில பயிற்சிகள்:

‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள். ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதன்மேல் கணினி தானே புள்ளி வைத்துவிடும். ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ. இங்கும் புள்ளி தானே வரும். நகரமும் தகரமும் இன எழுத்துகள் அல்லவா? ‘தோட்டம்’ என்பதற்கு த, ஓ, ட, ட, ம, பிறகு புள்ளி. ஆறு தட்டுகள். ‘கிள்ளான்’ என்பதற்கு க, இ, ள, ள, ஆ, ன, புள்ளி. ஏழு தட்டுகள்.

உங்கள் தோட்டத்தின் பெயருக்கும், உங்கள் அம்மாவின் பெயருக்கும் எத்தனைத் தட்டுகள் என்று எண்ணி எழுதி, உங்கள் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.